ஜமைக்காவில் ஒரு சாலட்: 12 பேரின் தலைவலியும் ஓர் எலிப் புழுவும்

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து 23 இளைஞர்கள் சேர்ந்து ஜமைக்காவுக்குச் சுற்றுலா போனார்கள். திரும்பி வந்த பிறகு அவர்களில் பலருக்கு, ஒருவர் பின் ஒருவராக, தலைவலி தொடங்கியது. ஊர் சேர்ந்த 6ஆம் நாளே படுத்தவரும் உண்டு. 31 நாள் கழித்துத் தலையைப் பிடித்துக்கொண்டவரும் உண்டு. பாதிப் பேருக்கு 11 நாளுக்குள் ஆரம்பித்துவிட்டது. கடைசியில் எண்ணிப் பார்த்தபோது நோயாளிகள் 12 பேர். அதில் 9 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று.

மாத்திரை போட்டால் அடங்குகிற தலைவலியாக அது இல்லை. கூடவே கழுத்து வலி, கழுத்து விறைப்பு, வெளிச்சம் பட்டால் கண் கூசுதல், பார்வைக் குழப்பம் என்று ஆளுக்கு ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. இன்னொரு தொல்லையும் இருந்தது: தோலின் உணர்ச்சி மாறிப்போவது. இந்த நோயில் சட்டை உரசினாலே எரிகிறது, போர்வை பட்டாலே சுள்ளென்கிறது, எதுவும் படாமலே ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்று நோயாளிகள் சொல்வார்கள். தோலைப் பார்த்தால் தடிப்பும் இருக்காது, சிவப்பும் இருக்காது. கேட்கிற மருத்துவருக்கு இது மனப்பதற்றமோ என்று தோன்றினால் வியப்பதற்கில்லை.

தலைவலியும் கழுத்து விறைப்பும் சேர்ந்து வந்தால் எந்த மருத்துவரும் முதலில் நினைப்பது மூளை உறை அழற்சியைத்தான். பாக்டீரியாவா, வைரஸா என்று தெரிந்துகொள்ள முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுப்பார்கள். பாக்டீரியா என்றால் நியூட்ரோபில் என்கிற வெள்ளணுக்கள் அதில் குவிந்திருக்கும். வைரஸ் என்றால் லிம்போசைட்டுகள். இந்த இளைஞர்களிடம் கடைசியில் தெரியவந்தது மூன்றாவது வகை: இயோசினோபில்.

நம் ஊரில் 'இஸ்னோபிலியா' என்று சொல்லிக்கொண்டு இருமலுக்கும் தும்மலுக்கும் மருந்து வாங்காத குடும்பம் குறைவு. அந்த இயோசினோபில்தான் இதுவும். ஒவ்வாமையிலும் புழுத்தொற்றிலும் ரத்தத்தில் இது கூடும். ஆனால் மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீரில் இதற்கு வேலையே கிடையாது. அந்த நீரில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 10 இயோசினோபில் இருந்தாலோ, அங்குள்ள வெள்ளணுக்களில் நூற்றுக்கு 10 பங்கு அதுவாக இருந்தாலோ இயோசினோபில் மூளை உறை அழற்சி என்று பெயர் வைத்துவிடலாம். உலக அளவில் இதற்கு முதல் காரணம் ஆஞ்சியோஸ்ட்ராஞ்சிலஸ் கான்டோனென்சிஸ் என்ற புழு. எலி நுரையீரல் புழு என்று சொன்னால் போதும்.

முதல் சோதனையில் தப்பிய நோய்

இந்த நிகழ்வை விசாரித்தவர்களின் கட்டுரை 2002இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. மருத்துவமனையில் சேர்ந்த 9 பேருக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் இயோசினோபில் கூடியிருந்தது. சரி, முதல் நாள் எடுத்த ரத்தத்தில்? 4 பேருக்கு மட்டுமே. முதல் தடவை எடுத்த முதுகுத்தண்டு நீரில் 5 பேருக்கு. ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் சோதனை ஒன்றும் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

என்னைக் கேட்டால், இந்த முழுக் கதையிலும் மருத்துவர்கள் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டிய தகவல் இதுதான். ஒரே ஒரு நோயாளி, ஒரே ஒரு மருத்துவமனை, ஒரே ஒரு சோதனை என்று இருந்திருந்தால் 'ஏதோ வைரஸ், தானாகச் சரியாகிவிடும்' என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஒரே பயணத்தில் சேர்ந்து போனவர்களுக்கு ஒரே மாதிரித் தலைவலி வந்ததால்தான் நூல் பிடித்துப் போக முடிந்தது. தனியாகப் பயணம் செய்து தனியாக நோயில் விழுகிறவர்களில் எத்தனை பேர் இந்தக் கணக்கில் வராமலே போகிறார்களோ!

விசாரித்தவர்கள் சாமர்த்தியமான ஒரு முடிவு எடுத்தார்கள். யாரை நோயாளி என்று கணக்கில் சேர்ப்பது என்பதற்கு ஆய்வகச் சோதனையை நம்பவில்லை. அறிகுறிகளை வைத்து ஒரு வரையறை செய்தார்கள். பயணம் முடிந்து 35 நாளுக்குள் தலைவலி தொடங்கியிருக்க வேண்டும். அதோடு கழுத்து வலி, கழுத்து விறைப்பு, தோல் உணர்ச்சி மாற்றம், வெளிச்சக் கூச்சம், பார்வைக் கோளாறு இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். 12 என்ற எண் அப்படி வந்ததுதான். முதல் தடவை எடுத்த முதுகுத்தண்டு நீரில் இயோசினோபில் தெரிந்தவர்களை மட்டும் எடுத்திருந்தால் எண்ணிக்கை பாதிகூடத் தேறாது. எதைச் சாப்பிட்டதால் வந்தது என்று கண்டுபிடிக்கும் அளவுக்கு ஆளும் மிஞ்சியிருக்காது.

சாலட்டை எப்படிப் பிடித்தார்கள்?

நோய் வெளியே தெரிந்தபோது அந்தச் சாப்பாடெல்லாம் எப்போதோ முடிந்துபோயிருந்தது. மிச்சம் இல்லை, மாதிரி இல்லை, சோதிக்க ஒரு இலைகூட இல்லை. இருந்தது 23 பேரின் ஞாபகம் மட்டும்தான்.

அதை வைத்துச் செய்த வேலை அடிப்படையில் எளிமையானது. நோய் வந்த 12 பேர், வராத 11 பேர். யார் எந்த வேளை எங்கே சாப்பிட்டார்கள், அந்த வேளையில் என்னென்ன எடுத்துக்கொண்டார்கள் என்று இரண்டு தரப்பையும் ஒரே மாதிரி கேட்டு ஒப்பிட வேண்டும். பல வாரம் முந்திய ராத்திரிச் சாப்பாட்டில் தட்டில் என்ன இருந்தது என்று நம்மைக் கேட்டால் என்ன பதில் சொல்வோம் என்று யோசித்தால் இதன் கஷ்டம் புரியும். அப்படியிருந்தும் ஒரு குறிப்பிட்ட வேளைச் சாப்பாடு பளிச்சென்று மேலே வந்தது. நோய்க்கும் அந்தச் சாப்பாட்டுக்கும் உள்ள தொடர்பு வெறும் தற்செயலாக இவ்வளவு வலுவாகத் தெரிய ஆயிரத்தில் ஒரு வாய்ப்புதான் உண்டு. அந்தச் சாப்பாட்டுக்குள்ளே போய்த் தேடியபோது சிக்கியது சீசர் சாலட். அதற்கு அந்த வாய்ப்பு ஆயிரத்தில் ஏழு.

சாலட்டைவிடச் சாப்பாட்டுடனான தொடர்பு ஏன் கொஞ்சம் வலுவாக இருக்கிறது? அந்த இடத்துக்குப் போனோமா இல்லையா என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பக்கத்தில் இருந்தவர் தட்டிலிருந்து இரண்டு இலை எடுத்து வாயில் போட்டது ஞாபகம் இருக்காது. இது என் ஊகம்தான். அதே சமயம், சாலட் சாப்பிட்ட எல்லோருக்கும் நோய் வந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இந்தப் புழுவின் குஞ்சுகள் நத்தையின் உடம்பில்தான் வளர்கின்றன. அப்படி ஒரு நத்தை இலையோடு சேர்ந்து நறுக்கப்பட்டால் துண்டுகள் எல்லாத் தட்டுக்கும் சமமாகப் போவதில்லை.

சீசர் சாலட் என்பது ரோமைன் என்ற நீள லெட்யூஸ் கீரையைப் பச்சையாக நறுக்கி, முட்டை, எண்ணெய், பூண்டு, பாலாடைக்கட்டி சேர்ந்த கெட்டியான குழம்பில் பிரட்டுவது. அடுப்பு பக்கமே போகாத இலை. மடிப்பு மடிப்பாக, அடியில் ஈரத்தோடு, ஓடில்லாத நத்தைகள் பகலில் ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. குழம்பு பூசிவிட்டால் இலையில் என்ன ஒட்டியிருக்கிறது என்று கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

அந்த நத்தையை யாரும் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கையும் களவுமாகப் பிடிபட்ட குற்றவாளி இந்த வழக்கில் இல்லை. ஆனால் நோய் தணிந்துவரும் காலத்தில் எடுத்த ரத்தத்தை, இந்தப் புழுவுக்கே உரிய 31 கிலோடால்டன் எடையுள்ள புரதத்தோடு வைத்துச் சோதித்தபோது 11 பேரிடம் அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி) தெரிந்தன. தாய்லாந்தில் இந்த நோய் அதிகம். அங்குள்ள ஆய்வாளர்களும் இந்தக் கட்டுரையில் பங்கெடுத்திருந்தார்கள்.

ஜமைக்காவிலேயே தேடியபோது

பயணிகளுக்கு ஜமைக்காவில்தான் தொற்றியது என்றால், அந்தப் புழு ஜமைக்காவில் இருக்க வேண்டுமே? அப்போதுவரை அந்தத் தீவின் எலிகளிடம் யாரும் இதைக் கண்டதாகப் பதிவில்லை. அங்குள்ள ஆய்வாளர்கள் எலிகளையும் நத்தைகளையும் பிடித்து அறுத்துப் பார்த்தார்கள். 109 எலிகளில் 24 எலிகளிடம் வளர்ந்த புழு இருந்தது, நூற்றுக்கு 22. 48 நத்தைகளில் 4இல் புழுக்குஞ்சுகள். முடிவு 2002இல் வெளியானது. பிறகு, எங்கும் பயணம் போகாத ஒரு ஜமைக்கக் குழந்தை இதே நோயில் இறந்ததும் பதிவாயிற்று.

அதாவது, சுற்றுலாப் பயணிகளுக்குத் தலைவலி வந்த பிறகுதான் உள்ளூர்க்காரர்களின் மண்ணில் என்ன இருக்கிறது என்பது உலகத்துக்குத் தெரிந்தது. வெப்பநாட்டு நோய்கள் பலவற்றின் வரலாறு இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

எலியின் நுரையீரலிலிருந்து மனித மூளைக்கு

இந்தப் புழுவை முதலில் விவரித்தது சீனாவின் குவாங்சோ நகரில், 1935இல், சென் என்ற ஆய்வாளர். எலியின் நுரையீரல் தமனியில் கண்டார். அந்த நகருக்கு அப்போது மேலைநாட்டார் வைத்திருந்த பெயர் கான்டன். புழுவின் பெயரில் அது ஒட்டிக்கொண்டது. மனிதரிடம் முதலில் கண்டது தைவானில், 15 வயதுப் பையனின் முதுகுத்தண்டு நீரில். நோமுரா, லின் இருவரும் 1945இல் அதை எழுதினார்கள். போர்க்காலத்தில் ஜப்பானிய மொழியில் வந்த அந்தக் கட்டுரை ஏறக்குறைய இருபது ஆண்டு யார் கண்ணிலும் படாமல் கிடந்து, 1964இல்தான் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. அதற்குள் ஹவாயில் இறந்துபோன நோயாளியின் மூளையில் புழுக்களைக் கண்டு, லியோன் ரோசனும் கூட்டாளிகளும் 1962இல் எழுதிவிட்டார்கள்.

வாழ்க்கைச் சுழற்சியை அவிழ்த்தவர்கள் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் வேலை செய்த இரண்டு பெண்கள்: ஜோசபின் மெக்கெராஸ், டொரோத்தியா சாண்டர்ஸ். ஆண்டு 1955. அவர்கள் கண்டது இது. வளர்ந்த புழு எலியின் நுரையீரல் தமனியில் வாழ்ந்து முட்டை இடும். குஞ்சு பொரிந்து மூச்சுக்குழாய் வழியாக ஏறித் தொண்டைக்கு வரும். எலி அதை விழுங்கும். புழுக்கையோடு வெளியே போகும். நத்தைக்கு எலிப்புழுக்கை நல்ல தீனி. நத்தையின் உடம்புக்குள் சில வாரத்தில் குஞ்சு இரண்டு முறை தோலுரித்து, அரை மில்லிமீட்டர் நீளமுள்ள தொற்றும் பருவத்தை அடையும். அந்த நத்தையை எலி தின்றால், குஞ்சு எலியின் குடலைத் துளைத்து ரத்தம் வழியாக மூளைக்குப் போகும். அங்கே ஒரு மாதம் போல இருந்து வளர்ந்து, பிறகு மூளையை விட்டு நுரையீரல் தமனிக்கு இறங்கும்.

எலியின் மூளை இந்தப் புழுவுக்கு வழியில் தங்கிப் போகிற சத்திரம். மனிதர் நத்தையைத் தின்றாலும் புழு அதே பாதையில் மூளைக்கு வந்துவிடுகிறது. ஆனால் மனித உடம்பில் இங்கிருந்து நுரையீரலுக்குப் போக முடியாமல், பெரும்பாலும் அங்கேயே சாகிறது. உயிரோடு நகரும்போது செய்கிற சேதம் ஒரு பங்கு. செத்த புழுவின் மேல் உடம்பு தொடுக்கிற போர் இன்னொரு பங்கு. இயோசினோபில்கள் குவிவது அந்தப் போரில்தான். மனிதரிடம் முட்டையிடும் கட்டத்துக்குப் பொதுவாக அது வருவதில்லை என்பதால், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. நோயாளியை ஒதுக்கி வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

குறிப்பிட்ட இந்தப் புழுவைக் கொல்ல ஒரு மாத்திரை இருக்குமே என்று தோன்றும். அல்பெண்டசோல் நம் பள்ளிக்கூடங்களில்கூடக் கொடுக்கிற குடற்புழு மாத்திரைதான். ஆனால் மூளைக்குள் எல்லாப் புழுவையும் ஒரேயடியாகக் கொன்றால் அழற்சி கூடிவிடுமோ என்ற பயத்தால் அதைப் பற்றி மருத்துவர்களிடையே இரண்டு கருத்து உண்டு. அதிகம் நம்புவது அழற்சியைத் தணிக்கிற ஸ்டீராய்டை. தாய்லாந்தில் 110 நோயாளிகளை வைத்துச் செய்து 2000இல் வெளியான சோதனையில், இரண்டு வாரம் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 14 நாளுக்குப் பிறகும் தலைவலி இருந்தது நூற்றுக்கு 9 பேருக்கு. எடுக்காதவர்களில் நூற்றுக்கு 45 பேருக்கு. ஜமைக்காப் பயணிகளில் தலைவலி தாங்க முடியாமல் போன 3 பேருக்கு ஸ்டீராய்டு கொடுத்து, முதுகுத்தண்டு நீரையும் பல தடவை எடுத்தார்கள். மூவருக்கும் மண்டைக்குள் இருந்த அழுத்தம் குறைந்தது. இருவருக்கு அறிகுறிகளும் தணிந்தன. நீர் எடுப்பது இங்கே சோதனை மட்டும் இல்லை, அழுத்தத்தைக் குறைக்கிற வைத்தியமும்கூட.

பெரும்பாலானவர்கள் சில வாரத்திலோ சில மாதத்திலோ தேறிவிடுகிறார்கள். சிலர் கோமாவுக்குப் போகிறார்கள், சிலருக்குக் கை கால் விழுந்துவிடுகிறது, சிலர் இறக்கிறார்கள். எத்தனை புழு உள்ளே போயிற்று என்பதைப் பொறுத்து இது பெரிதும் மாறுகிறது. இலையில் ஒட்டிய கடுகளவு துண்டு வேறு, பந்தயத்துக்காக முழு நத்தையை விழுங்குவது வேறு. பின்னதைச் செய்து வாழ்க்கையை இழந்த இளைஞர் ஒருவர் ஆஸ்திரேலியாவில் உண்டு.

ஹவாய்: நத்தை மாறினால் நோயும் மாறும்

ஜமைக்கா நிகழ்வு ஒரு வேளைச் சாப்பாட்டோடு முடிந்துவிட்டது. ஹவாயில் நடப்பது அப்படி இல்லை. 2007 முதல் 2017 வரை அங்கே 82 பேருக்கு இந்த நோய் பதிவாகி, 2 பேர் இறந்தார்கள். அதில் பெரும்பகுதி ஹவாய் தீவு என்றே பெயருள்ள பெரிய தீவில். அதிலும் கிழக்கில் உள்ள மழை மிகுந்த புனா வட்டாரம்தான் அடிக்கடி பேச்சில் அடிபடுவது.

எலியும் நத்தையும் ஹவாயின் எல்லாத் தீவிலும் இருக்கும்போது புனாவுக்கு மட்டும் ஏன் இந்தக் கெட்ட பெயர்? பார்மேரியன் மார்டென்சி என்ற நத்தை அதற்கு ஒரு காரணம். முதுகில் விரல்நகம் போலச் சின்னதாக ஓடு இருக்கும், அதற்குள் உடம்பை இழுத்துக்கொள்ள முடியாது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். 1996இல் ஓவாஹு தீவிலும் 2004இல் ஹவாய் தீவிலும் முதலில் கண்டார்கள். 2005இல் செய்த கணக்கெடுப்பில், பிடித்த பார்மேரியன் நத்தைகளில் நூற்றுக்கு 77.5இல் இந்தப் புழு இருந்தது. அதே இடங்களில் கிடைத்த கியூபா நத்தையில் 24.3 மட்டுமே. இந்தப் புது நத்தை அந்தப் பழைய நத்தையைச் சில இடங்களில் விரட்டியும் விட்டதாம்.

அதைவிட மோசமானது இதன் பழக்கம். மண்ணோடு கிடக்காமல் சுவரிலும் தொட்டியிலும் பப்பாளி மரத்திலும் ஏறுகிறது. மனிதர் புழங்குகிற இடமே இதற்குப் பிடிக்கிறது. பப்பாளித் தோட்டங்களில் குடியேறியது. வீட்டுத் தோட்டத்து லெட்யூஸைத் தின்றது. புனாவில் பல வீடுகள் கூரை மழைநீரைத் தொட்டியில் பிடித்து அதையே குடிக்கவும் கழுவவும் வைத்துக்கொள்கின்றன. தொட்டியில் நத்தை விழுந்து செத்தால் அதன் உடம்பிலிருந்து புழுக்கள் வெளியேறி நீரில் நீந்தும். 2019இல் வெளியான ஹவாய் ஆய்வொன்றில் அவை மூன்று வாரம்வரை உயிரோடு இருந்தன. வண்டல் பிடிக்க வைக்கிற சாதாரண வடிகட்டிகளைத் தாண்டியும் போயின. கீரையைக் கழுவுகிற தண்ணீரிலேயே புழு இருந்தால் கழுவி என்ன பயன்?

நத்தை ஊர்ந்துபோன வழுவழுப்புத் தடத்தைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் பயப்படுகிறார்கள். அதில் புழு இருக்கவே இருக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் இருந்தால் வெகு சொற்பம். உண்மையான சரக்கு நத்தையின் உடம்பில் இருக்கிறது; ஒரே நத்தையில் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். தடத்தைக் கண்டு கீரைக்கட்டையே தூக்கி எறிகிறவர், அதே கட்டில் நெல்மணி அளவுக்குச் சுருண்டு கிடக்கும் நத்தைக்குஞ்சைக் கவனிக்காமல் விட்டால் அந்தப் பயத்தால் ஒரு லாபமும் இல்லை.

தைவானில் 2001இல் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். உடம்புக்கு நல்லது என்று பச்சைக் காய்கறிச் சாறு குடித்த 5 பேர் இதே மூளை உறை அழற்சியோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். சாலட்டாக இருந்தால் மெல்லும்போதாவது பல்லில் ஏதாவது தட்டுப்படும். சாறு எடுக்கும் இயந்திரத்தில் நத்தை போனால் தம்ளரில் தேடிக் கண்டுபிடிக்க ஒன்றும் மிஞ்சாது. காலையில் நடைப்பயிற்சி முடித்துப் பூங்கா வாசலில் அருகம்புல் சாறு குடிக்கிற நம் ஊர்க்காரர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அங்கே நோய் வந்திருக்கிறது என்று சொல்லவில்லை. புல் எங்கே அறுத்தது, எந்தத் தண்ணீரில் அலசியது என்று கேட்டால் தப்பில்லை.

நம் பக்கம்

நம் சமையலில் கீரையை வேகவைக்காமல் சாப்பிடுவது குறைவு. அதுவே பெரிய பாதுகாப்பு. நத்தை, நண்டு, நன்னீர் இறால் எதுவானாலும் கொதிக்கும் நீரில் 3 முதல் 5 நிமிடம் வெந்தால் புழு செத்துவிடும். உறைபெட்டியில் மைனஸ் 15 டிகிரியில் ஒரு நாள் முழுக்க வைத்தாலும் சாகும். மிச்சம் இருப்பது கொத்தமல்லி, புதினா, பச்சை முட்டைக்கோஸ், இப்போது நகரங்களில் பரவிவரும் லெட்யூஸ். இவற்றுக்கு உப்புத் தண்ணீர், மஞ்சள் தண்ணீர், வினிகர் என்று வீட்டுக்கு ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. இவை நத்தையை இலையிலிருந்து கழற்றலாம். உள்ளே இருக்கும் புழு நிச்சயம் செத்தது என்று நம்புவதற்கில்லை. இலை இலையாகப் பிரித்து, இரண்டு பக்கமும் பார்த்து, ஓடுகிற தண்ணீரில் விரலால் தேய்த்துக் கழுவுவதுதான் வேலைக்கு ஆகிற வழி. கட்டோடு பாத்திரத்தில் முக்கி எடுப்பது கழுவுவதில் சேராது.

தென்னிந்தியாவில் இந்த நோய் இல்லவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். கேரளத்து நரம்பியல் மருத்துவர்கள் 2006இல் ஒரு நோயாளித் தொகுப்பையே வெளியிட்டிருக்கிறார்கள். அங்கேயும் இலங்கையிலும் பேசப்படும் ஒரு வழி கீரை இல்லை, உடும்பு. உடும்பு நத்தையைத் தின்னும்; புழு அதன் சதையில் வளராமல் அப்படியே தங்கியிருக்கும். மூலத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் நல்லது என்று நம்பிப் பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ சாப்பிடுகிறவருக்கு அது போய்ச் சேரும். உடும்பைப் பிடிப்பதே சட்டப்படி குற்றம் என்பது தனிக் கதை.

அப்புறம் ஆப்பிரிக்க ராட்சத நத்தை. 1847இல் பென்சன் என்பவர் மொரீஷியஸிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாத் தோட்டத்தில் விட்டது, இன்று கேரளத்தின் பல மாவட்டங்களில் மழைக்காலத்துச் சுவர்களை மூடுகிறது, தமிழ்நாட்டிலும் பரவியிருக்கிறது. எலி நுரையீரல் புழுவைச் சுமப்பதில் பேர்போன நத்தை இது. கொச்சிப் பக்கத்தில் இயோசினோபில் மூளை உறை அழற்சியோடு வந்த குழந்தைகளைப் பற்றிய மருத்துவர்களின் எச்சரிக்கையில் இந்த நத்தையின் பெயரும் அடிபடுகிறது. குழந்தைகள் அதைக் கையில் எடுத்து விளையாடிவிட்டு அதே விரலை வாயில் வைப்பார்கள். எங்கே தொற்றியது என்று கேட்டால் சொல்லவும் தெரியாது.

தோட்டத்தில் இது வந்துவிட்டால் மிதித்து நசுக்குவதும், கிணற்றடியிலோ தொட்டிப் பக்கத்திலோ குவித்து வைப்பதும் கூடாது. கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு, சாயந்தரம் ஈரச் சாக்கின் மேல் முட்டைக்கோஸ் இலையையோ பப்பாளித் தண்டையோ பரப்பி வைத்தால் விடிவதற்குள் வந்து கூடியிருக்கும். எடுத்து அடர்த்தியான உப்புக் கரைசலில் போட்டுக் கொன்று, ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். கேரளத்தில் புகையிலைக் கஷாயத்தோடு மயில்துத்தம் கலந்து தெளிக்கிறார்கள். எலியையும் சேர்த்துக் கட்டுப்படுத்தாமல் நத்தையை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தால் அடுத்த மழைக்கு வருகிற நத்தையும் புழுவோடுதான் வரும்.